குங்குமம் வைத்த டிஸ்க்

உன் அப்புச்சி சுவரைப் பார்த்தார், சாமி. நான் முதலில் கவனித்தது அதைத்தான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், விளங்காத வலது கையை இடது கையால் தூக்கி, அதன் ஒரு விரல் கட்டில் சட்டத்தின் மேல் அழுந்தும்படி வைத்தார். பிறகு இடது கையை எடுத்து, கொஞ்சம் தள்ளி, ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டு தட்டினார். அங்கே இருந்த எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள். என்னைப் போல வெட்கப்படுகிறவர்கள் அடுத்தவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தே பழகியவர்கள். நான் கண்ணைப் பார்த்தேன். தட்டியவுடன் அது எதிர்ச் சுவருக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, ஓர் ஆணியும் பழைய காலண்டர் தொங்கிய வெளுப்பும்தான். ஆனாலும் அங்கே ஏதோ வரப் போவது போலக் காத்திருந்தார். வரவில்லை. மறுபடியும் வலது கையைத் தூக்கினார்.

நாளைக் காலை உன் அப்பா வந்து நம் இருவரையும் பரமத்தி வேலூருக்கு அழைத்துப் போகிறார். தலைப்பிரசவத்துக்கு வந்தவள் திரும்பிப் போகும் நாள். துணிமணி எல்லாம் கட்டியாகிவிட்டது. உன் கழுத்து இப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கிறது. இதைப் படிக்கும் வயது உனக்கு வர எத்தனையோ காலம் ஆகும். பிள்ளைக்குக் கடிதம் எழுதிப் புத்தி சொல்ல ஒரு வயது வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் இருபது ஆகவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் எழுதினால் வருகிறது. நீ வளர்ந்து ஆளாகி, அம்மா ஏன் சில நேரம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள் என்று யோசிக்கும் நாளில் இது உன் கையில் இருக்க வேண்டும். பேச்சு வராத ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு என்னை இங்கே அழைத்து வந்தார்கள். மல்லசமுத்திரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் அப்பா என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு அப்பா, உனக்கு அப்புச்சி. கோழித்தீவன ஆலையில் மூட்டை எடை போடும் வேலை அவருக்கு. சட்டையில் எப்போதும் மக்காச்சோள வாசம் அடிக்கும். பாதி வழியில், ஒரு கிணற்று மேட்டருகே நின்றார். நான் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று நிற்கிறார் என நினைத்தேன். "அம்மிணி, உன்கிட்ட ஒரு சமாச்சாரம் பேசோணும்" என்றார். நான் பார்த்தேன். "இப்ப வேண்டாம், அலுப்பா இருப்ப. நாளைக்குப் பேசிக்கலாம்." அவ்வளவுதான். அப்பா 'பேசோணும்' என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அவரும் என்னைப் போலத்தான், அல்லது நான் அவரைப் போல. அன்று இரவெல்லாம் என்னவாக இருக்கும் என்று புரண்டு புரண்டு படுத்தேன். காலையில் பல் விளக்கப் போனவர் தண்ணீர்த் தொட்டியடியில் சரிந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவருக்கு வலது பக்கம் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது, ஒரு சொல்லைத் தவிர. "சரி." அது மட்டும் எப்படியோ வாயில் தங்கிவிட்டது. என் அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, "ஏனுங்க, கஞ்சி குடிக்கறீங்களா?" என்பாள். "சரி" என்பார். ஒரு வாய் போனதும் உதட்டை மூடிக்கொள்வார். "வேண்டாங்களா?" "சரி." "அப்ப வேணுங்களா?" "சரி." அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "இந்த மனுசன்கிட்ட என்னத்தக் கேக்கறது. கல்யாணமான நாள்ல இருந்து இதே பதில்தான். அப்ப கையி காலு நல்லா இருந்துச்சு, அவ்ளோதான் வித்தியாசம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்பாவும் இடது உதட்டால் சிரித்தார். நான் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் காதருகே போய், "அப்பா, ஒரு சமாச்சாரம் பேசணும்னு சொன்னீங்களே, என்னதுங்கப்பா?" என்று கேட்டிருந்தேன். என்னை நன்றாகப் பார்த்தார். "சரி" என்றார்.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. பத்தாவது முடித்ததும் என்னைத் திருச்செங்கோட்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஆசிரியர் வரும்போதும் எழுந்து பேரும் ஊரும் சொல்ல வேண்டும். நான் எழுந்து நிற்பேன், பேர் வராது. பின்பெஞ்சில் ஒருத்தி, "டீச்சர், அதுக்கு நாளைக்கு வரும்" என்பாள், வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் பேருந்தில் ஏறாமல் திரும்பி வந்துவிட்டேன். நான் ஏன் நின்றேன் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். யாரோ பையன் என்றார்கள். மண்டையில் ஏறவில்லை என்றார்கள். பேருந்து வாந்தி என்று பெரியம்மா மரியாதையாக ஒரு காரணம் சொன்னாள். யாரும் என்னைக் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. அப்பாவிடம் போய், "நான் இனிப் போகலைங்கப்பா" என்றேன். மூட்டை தைக்கும் ஊசியில் சணலைக் கோத்தார். "சரி சாமி" என்றார். கல்யாணம் பேசி வந்தபோதும் அதையேதான் சொன்னார். அந்தச் சரிக்குப் பின்னால் என்ன இருந்தது, கோபமா, விட்டது தொல்லை என்பதா, மனசு உடைந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கிணற்று மேட்டில் சொல்ல வந்தது அதுதான் என்று நான் நம்பினேன். ஒருவர் பேசாமல் இருந்தால் அவருக்குள் இன்னதுதான் இருக்கிறது என்று நீயாக முடிவு கட்டாதே, சாமி. எனக்கு ஊர் செய்ததை நான் அப்பாவுக்குச் செய்தேன்.

அவரை எழுத வைத்துப் பார்த்தோம். இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோடு போட்டுக்கொண்டே தாளின் விளிம்புக்குப் போய்விடுவார். என் போனை நீட்டினேன். சூடான பாத்திரத்தைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டார். ஆனால் கட்டில் சட்டத்தில் நடக்கும் அந்த வேலை மட்டும் நிற்கவில்லை. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "டாக்டர் கையை ஆட்டச் சொன்னாரில்ல, ஆட்டறாரு. நீ அதையே பாத்துட்டு உக்காந்திராத, பையன் அழுவறான் பாரு" என்றாள். நீ பிறந்து வீட்டுக்கு வந்து சில வாரம் ஆகியிருந்தது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் அந்தச் சுவரையே பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. கட்டில் போடும் முன் அந்தச் சுவரோரம் இருந்தது அப்பாவின் கம்ப்யூட்டர் மேசை.

உன் அப்புச்சி வாலிபத்தில் கம்ப்யூட்டர் ஜோசியக்காரர். நான் பிறப்பதற்கு முன்பு. தட்டச்சு படித்த கையோடு, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, நோம்பிக்கு நோம்பி, திருவிழா நாட்களில், கோவில் கடைவீதியில் பந்தல் போட்டு, பிறந்த நாளும் நேரமும் கேட்டு ஜாதகம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். தட்டும் பலகையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் கம்ப்யூட்டர் அது. திரைக்குப் பழைய டிவி. பிறகு எல்லாம் போனிலேயே வந்துவிட்டதால் கடை நின்றது. ஆனால் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அப்பா அதைத் துடைத்து ஒரு தடவை ஓட விடுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். சதுரமாக மெல்லிசாக ஒரு டிஸ்க்கை அதன் வாயில் செருகுவார். வலது கை விரலால் கீழ்வரிசை ஓரத்தில் இருக்கும் ஷிப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மேலே இருக்கும் சிவப்பு பட்டனைத் தட்டுவார். கரகரவென்று சத்தம் வரும். திரையில் ஒரு கட்டம் மின்னும். கட்டில் சட்டத்தில் அவர் செய்துகொண்டிருந்தது இதைத்தான். கம்ப்யூட்டரைக் கிளப்பப் பார்க்கிறார். கிளப்பினால் தட்டச்சு செய்வார். தட்டச்சு செய்தால் அந்தச் சமாச்சாரம் வரும். இப்படித்தான் என் புத்தி ஓடியது. போனில் இருப்பது அவருக்கு அந்நியம். இந்தப் பட்டன்கள் அவர் விரலுக்குள்ளேயே இருக்கின்றன.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையில் உடைந்த முட்டை வைத்த அட்டை. "அட, பேரனுக்குச் சாதகம் எழுதோணும்னு நெனைக்கறாராட்டம்" என்றாள். அவளும் தன் பங்குக்கு ஒன்றை முடிவு செய்துவிட்டாள். "எடு சாமி, அந்தப் பொட்டி பரண்மேல கெடக்குது. தீவனச் சாக்குல சுத்தி வெச்சிருக்கறேன்." இறக்கி, துடைத்து, டிவியோடு சேர்த்து மாட்டினேன். உயிர் இருந்தது. ஆனால் அப்பாவின் அந்த டிஸ்க்கைச் செருகினால் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு உள்ளே எதுவும் தங்காது. ஒவ்வொரு தடவையும் தன்னை எப்படி நடத்திக்கொள்வது என்பதையே ஒரு டிஸ்க்கிலிருந்து படித்துத்தான் எழுந்திருக்கும். அதை சிஸ்டம் டிஸ்க் என்கிறார்கள். அது கெட்டுப்போனால் பெட்டி நன்றாக இருந்தும் பயனில்லை. புதிதாக ஒன்று செய்ய வேண்டும். செய்வதற்குக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓடுவதற்கு அந்த டிஸ்க் வேண்டும்.

யாரையாவது போய்க் கேள் என்று அம்மா சொன்னாள். நான் போயிருக்க மாட்டேன். ஆனால் போனில் தேடினால், இந்த மாதிரிப் பெட்டிகளை இன்னும் வைத்துக்கொண்டு கொஞ்சுகிற ஆட்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களிடம் எழுதிக் கேட்கலாம், வாய் திறக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதி, போனையே ஆங்கிலமாக்கச் சொல்லி, முகம் தெரியாத ஓர் ஆளிடம் கேட்டேன். மறுநாளே பதில் வந்திருந்தது. பெட்டியின் பின்னால் டேப் ரிக்கார்டர் மாட்ட ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் போனிலிருந்து ஒரு ஒயரை மாட்டி, ஒரு சத்தத்தை ஓட விட வேண்டும். கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு, காலி டிஸ்க்கில் தானே எழுதிக்கொள்ளும். சத்தத்தையும் அனுப்பியிருந்தார். ஒயர் மாட்டாமல் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். பண்ணையில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் கோழிகள் எல்லாம் ஒன்றாகக் கத்துமே, அப்படி இருந்தது. தொட்டிலில் நீ விழித்துக்கொண்டு வீரிட்டாய். எழுதிக் கேட்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். உனக்குப் பேச வராவிட்டால் எழுதிக் கேள், சாமி. கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பாவின் தகரப் பெட்டியில் காலி டிஸ்க்குகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பழைய ஊறுகாய்போல வெள்ளையாகப் பூத்திருந்தது. உறை பிரிக்காமல் இருந்த இரண்டுதான் சுத்தம். அம்மா பண்ணைக்குப் போய், நீயும் தூங்கும் மத்தியானங்களில் உட்கார்ந்தேன். ஒயரைச் செருகிவிட்டால் வெளியே சத்தம் கேட்காது. கோழிகள் எல்லாம் ஒயருக்குள்ளேயே கத்தும். சத்தம் குறைந்தால் கம்ப்யூட்டருக்குக் காது கேட்காது, கூடினால் குழம்பிவிடும். சில நாள் அதிலேயே போனது. ஒரு நாள் எல்லாம் சரியாக ஓடி, முடியும் நேரத்தில் திரை தாறுமாறாகச் சிதறி நின்றது. போனை எடுத்துப் பார்த்தால் உன் அப்பா கூப்பிட்டிருந்தார். அவர் வைத்துக் கொடுத்த சினிமாப் பாட்டு ரிங்டோன் முழுவதும் கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். "ஏம்மிணி, போனை எங்க வெச்சிருந்த?" "கம்ப்யூட்டர்ல மாட்டியிருந்தேனுங்க." "எது, மாமா சோசியம் பாத்த பொட்டியா? அதுகிட்ட என்ன கேட்ட, நான் எப்ப வாரேன்னா?" "இல்லீங்க." "என்னைக் கேட்டாச் சொல்லப் போறேன். தைமாசம் பொறந்ததும் வாரேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, இந்த வீட்டில் நமக்கு இருக்கும் நாள் எவ்வளவு குறைவு என்று உறைத்தது. அன்றிலிருந்து ஒயர் மாட்டும் முன் அழைப்பு வராதபடி போனை மாற்றிவிடுவேன்.

ஒரு நாள் முதல் டிஸ்க் எழுதி முடிந்தது. வெளியே எடுத்து, மறுபடி செருகி, ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு சிவப்பைத் தட்டினேன். கரகர என்ற சத்தத்தோடு, உலோகத்தை நகத்தால் கீறுவது போல இன்னொரு சத்தமும் வந்தது. திரை வெறுமையாக இருந்தது. டிஸ்க்கை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியேதான் உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு தெரியும், கம்ப்யூட்டர் அதைத் தொட்டுத்தான் படிக்கும். அந்தத் தகட்டில் வட்டமாக ஒரு கீறல். கீறலோரம் சிவப்புப் பொடி. எனக்குப் புரியவில்லை. அப்பாவின் பழைய டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். அதே திறப்பில், சரியாக நடுவில், சந்தனம் காய்ந்து அதன்மேல் குங்குமம். ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் ஒன்று. ஜாதகம் கணிக்கும் இன்னொரு டிஸ்க்கிலும் அப்படியே. மற்ற டிஸ்க்குகளுக்கெல்லாம் உறையின் மூலையில் பேருக்கு ஒரு தீற்றல். இந்த இரண்டும்தான் முக்கியம் என்பதால் இவற்றுக்கு மட்டும் நெற்றி மாதிரி இடம் பார்த்து, அழுத்தி வைத்த பொட்டு. வருடத்துக்கு ஒரு தடவை அதைச் செருகி ஓட விட்டபோதெல்லாம் அந்தப் பொடி கம்ப்யூட்டரின் வாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டது. நான் செய்த டிஸ்க்கையும் அதுதான் கீறியது.

அம்மா வந்ததும் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். "பூச அன்னைக்கு அவரு தொடச்சு வெச்சா நான் பொட்டு வெப்பேன். எல்லா ஊட்லயும் லாரிக்கு வெக்கறாங்க, தறிக்கு வெக்கறாங்க. இதுக்கு எங்க வெக்கறதுன்னு எனக்கென்ன தெரியும். நடுவுல வெச்சா லட்சணமா இருக்கும்னு வெச்சேன்" என்றாள். "அப்பா ஒன்னும் சொல்லலையா?" "அவரு என்னைக்குச் சாமி சொன்னாரு? இங்க வெக்கட்டுங்களான்னு கேட்டேன். சரின்னாரு." நாங்கள் இருவரும் கட்டிலைப் பார்த்தோம். அவர் தன் கையைத் தூக்கிச் சட்டத்தின்மேல் வைத்துக்கொண்டிருந்தார். தெரிந்துதான் சரி என்றாரா, தெரியாமல் சொன்னாரா? அதையும் அவரிடம் கேட்க முடியாது.

உன் தொப்புளைத் துடைக்க வாங்கிய ஸ்பிரிட் பாதிப் புட்டி மிச்சம் இருந்தது. காது துடைக்கும் பஞ்சில் அதை நனைத்து, முகம் தெரியாத அந்த ஆள் எழுதியபடி, கம்ப்யூட்டரின் வாய்க்குள் விட்டு மெதுவாகத் துடைத்தேன். பஞ்சு சிவந்து வந்தது. மாற்றி மாற்றித் துடைத்தேன். உன்னைத் துடைத்தபோது பயந்ததைவிட அதிகம் பயந்தேன். இனி ஒரு டிஸ்க்தான். அந்த ஆள் இன்னொன்றும் எழுதியிருந்தார்: இவ்வளவு பழைய தகடு ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் கொஞ்சம் தேயும், அதனால் அவசியத்துக்கு மட்டும் ஓட விடு, ஒரு தடவை கிளம்பிவிட்டால் அணைக்காதே. இரண்டாவது டிஸ்க்கை எழுதி முடித்து, கிளப்பிப் பார்க்காமலே எடுத்து வைத்தேன். முதல் தடவையை அப்பாவே கிளப்பட்டும் என்று.

அது முந்தாநாள். அம்மா பண்ணையில் சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டாள். அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மேசையருகே நகர்த்தினோம். பலகையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். "பாரு தங்கம், அப்புச்சி உன்ற ராசி என்னன்னு சொல்லப் போறாரு" என்றாள். அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கி ஷிப்ட்டின்மேல் வைத்தார். அழுந்தியதா என்று பார்த்தார். இடது விரலால் சிவப்பைத் தட்டினார். கரகர. கீறல் சத்தம் இல்லை. திரையில் ஒரு வரி வந்தது, அதன் கீழே அந்தச் சின்னக் கட்டம் மின்னியது. அது காத்திருந்தது. இனி என்ன அடித்தாலும் வாங்கிக்கொள்ளும்.

"அப்பா, அடிங்க. அன்னைக்குப் பேசணும்னு சொன்னீங்களே, அத அடிங்க" என்றேன். என் குரல் சத்தமாகவே வந்தது. அவர் திரையைத் திருப்தியாகப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி ஷிப்ட்டின்மேல் வைத்து, சிவப்பைத் தட்டினார். திரை இருண்டது. கரகர. அதே வரி, அதே கட்டம். "அது வேண்டாங்கப்பா, வந்துருச்சு. இப்ப எழுத்த அடிங்க." அவர் இடது கை விரலைப் பிடித்து 'அம்மிணி'யின் முதல் எழுத்துக்குக் கொண்டுபோனேன். இங்கிலீஷ் எழுத்தில்தான் அது எழுதும். அவருக்கு அது பழக்கம். நான் பிடித்திருந்தவரை விரல் அங்கே இருந்தது. விட்டதும் மரியாதையாக அதை எடுத்துக்கொண்டார். மறுபடியும் வலது கையைத் தூக்கினார். கரகர. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அம்மா ஏதோ முனகியது கேட்டுத் திரும்பினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்த ஆளைக் கூப்பிடறாருடி" என்றாள். "பந்தல்ல ஒருத்தருக்கு எழுதி முடிஞ்சா இப்படித்தான் புதுசா ஆரம்பிப்பாரு. நான் வெளிய நிப்பேன். உள்ள நடக்கறது எனக்கென்ன தெரியும், இந்தக் கரகர சத்தம் கேட்டா அடுத்த ஆளை உள்ள உடுவேன். அவ்ளோதான் சாமி இது. வேற ஒன்னுமில்ல." உன்னை என் தோளுக்கு மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவருக்குள் எனக்கான சொல் ஒன்று காத்திருக்கிறது என்று இத்தனை வாரம் நினைத்திருந்தேன். இருந்தது பழக்கம், அவ்வளவுதான். அந்தச் சமாச்சாரம் என்ன என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. படிப்பைப் பற்றியதாக இருக்கலாம். ஆலையில் யாருக்கோ ஏதோ ஆனதாக இருக்கலாம். வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றலாமா என்று கேட்க இருந்ததாகக்கூட இருக்கலாம். உனக்கு நான் சொல்லத் தகுந்த புத்தி ஒன்றுதான், சாமி. நடுவழியில் நின்று ஒருவர் பேச வேண்டும் என்று சொன்னால், நீ எவ்வளவு அலுத்திருந்தாலும் அங்கேயே உட்கார்ந்துகொள். நாளைக்கு என்று அவரே சொன்னாலும் எழுந்திருக்காதே. இதைச் சொல்வதால் எனக்கு ஒன்றும் திரும்பி வரப் போவதில்லை.

உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தேன். திரையில் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை உருவிப் பத்திரமாக வைத்துவிடலாம், ஒவ்வொரு தட்டுக்கும் அது தேய்கிறது, இன்னொன்று இல்லை என்று ஒரு மனம் சொன்னது. அப்பா மறுபடியும் வலது கையைத் தூக்கினார். இந்தத் தடவை அது ஷிப்ட்டின்மேல் நிற்காமல் நழுவி மடியில் விழுந்தது. அதற்குள் இடது விரல் சிவப்பைத் தட்டிவிட்டது. ஷிப்ட் இல்லாமல் தட்டினால் டிஸ்க் ஓடாது. திரை வெறுமையாக நின்றது. அவர் வெறும் திரையைப் பார்த்து, "சரி" என்றார். மடியில் கிடந்த கையை எடுக்கப் போனார்.

ஒரு முக்காலியை இழுத்து அவருடைய வலது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கையை அவர் மடியிலேயே இருக்க விட்டு, ஷிப்ட்டின்மேல் என் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.